தீர்ப்பு வந்துருச்சாமே! கோர்ட்டு நியூஸ் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு போட்டோஸ்டாட் கடைக்காரன் சொல்றது

பத்தாங் பெர்ஜுந்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் நம்ம போட்டோஸ்டாட் கடை. 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா எங்க தோட்டத்துப் பாட்டிங்க ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேரு வந்து நான் கேட்டதில்ல. கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஃபாரம் நிரப்ப வருவாங்க, மீதிப் பேரு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "தம்பி, இது உண்மையா பாரு"ன்னு கேக்க வருவாங்க, அதுல முக்கால்வாசி கோர்ட்டு நியூஸ்தான். நான் லாயர் இல்ல. கிள்ளான்ல ஒரு லாயர் ஆபீஸ்ல ஆறு வருஷம் கிராணியா இருந்தேன், ஃபைல் தூக்குறது, கோர்ட்டு வராந்தாவுல நம்பர் கூப்பிடுற வரைக்கும் காத்து கெடக்குறது, தீர்ப்பை ஜெராக்ஸ் எடுக்குறது, அப்படியே அங்கங்க படிச்சுப் பாத்தது, அவ்வளவுதான் என் படிப்பு.

ஒரு பெரியப்பா வந்தாரு ஒரு நாளு, பால்மரம் வெட்டுன கை, விரலெல்லாம் கறை. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஒழுங்கா தண்ணி வரலன்னு கவுன்சில் ஆபீஸ் முன்னாடி கூட்டம் போடப் போறாங்களாம். "இனிமே போலீஸ்ல சொல்லவே தேவையில்லயாம்டா, பெரிய கோர்ட்டே சொல்லிருச்சாம்"னு ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டுனாரு. யாரோ ஒருத்தர் மைக்கு புடிச்ச மாதிரி பேசுறாரு, எந்தக் கோர்ட்டு, எந்தக் கேஸு, ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி மெசேஜ் வந்தா நான் என்னென்ன பாப்பேன்னு வரிசையா எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், தே ஓ ஒண்ணு போட்டுக்கிட்டு உக்காருங்க.

மொதல்ல பாக்க வேண்டியது எந்தக் கோர்ட்டுன்னு. நம்ம மலேசியாவுல கீழ மாஜிஸ்திரேட், அதுக்கு மேல செஷன்ஸ், அப்புறம் உயர் நீதிமன்றம், அதுக்கு மேல மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில கூட்டரசு நீதிமன்றம். மேல உள்ளது சொன்னா கீழ உள்ளதெல்லாம் கேக்கணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதிக் குழப்பம் போயிரும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஈப்போ இந்திரா காந்தி கேஸை எடுத்துக்கோங்க. புருஷன் மதம் மாறி, அவங்களுக்குத் தெரியாமலே மூணு பிள்ளைங்களையும் மாத்திட்டாரு. 2013ல ஈப்போ உயர் நீதிமன்றம் அது செல்லாதுன்னுச்சு. 2015 கடைசியில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கிக் கெடாசிருச்சு, மூணு நீதிபதியில ரெண்டு பேரு ஒரு பக்கம், ஒருத்தர் மறுபக்கம். 2018 ஜனவரி 29ல கூட்டரசு நீதிமன்றம் மறுபடியும் அந்த அம்மா பக்கம், அம்மா அப்பா ரெண்டு பேரு சம்மதமும் வேணும்னுச்சு. இப்ப பாருங்க, 2016ல ஒருத்தர் இந்தக் கேஸைப் பத்தி எழுதுன கட்டுரையை இன்னைக்கு எவனாவது ஃபார்வர்ட் பண்ணா, அதுல உள்ள ஒவ்வொரு வரியும் அன்னைக்குச் சரி, இன்னைக்குத் தப்பு. தேதி இல்லாம வர்ற மெசேஜை நான் தொடுறதே இல்ல.

அந்தக் கேஸுல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, சொல்லிட்டுப் போறேன். அரசியலமைப்பு 12(4)ல, 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட மதத்தை "பேரண்ட் ஆர் கார்டியன்" முடிவு பண்ணணும்னு இருக்கு. பேரண்ட்னு ஒருமையிலதானே இருக்கு, அப்ப ஒருத்தர் போதும்னு ஒரு பக்கம் வாதம். ஆனா அதே அரசியலமைப்போட பதினோராவது அட்டவணையைத் திருப்புனா, ஒருமையில எழுதுனது பன்மையையும் சேக்கும்னு ஒரு வரி கெடக்கு. ஒரு வீட்டோட விதியே அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டாவது ஆளு உண்டா இல்லையாங்கறதுல தொங்குச்சு. அதனாலதான் நியூஸ் சுருக்கத்தை மட்டும் படிக்காதீங்க, எந்த வார்த்தையில சண்டைன்னு தேடுங்கன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, தீர்ப்பு கையில வந்தும் கடைசி மகளைப் பாக்க அந்த அம்மா வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. தீர்ப்பு வேற, அது நடக்குறது வேற.

அடுத்தது, கோர்ட்டு எதை வெட்டுச்சு, எதை விட்டுச்சுன்னு பாக்குறது. இங்கதான் பெரியப்பாவோட வாய்ஸ் மெசேஜ் கவுந்துச்சு. அமைதிப் பேரணிச் சட்டம் 2012ல 9வது பிரிவு. அதுல 9(1) கூட்டம் போடுறவங்க 5 நாளைக்கு முன்னாடி மாவட்ட போலீஸ் தலைவருக்கு நோட்டீஸ் குடுக்கணும்ங்கிது (மொதல்ல 10 நாளா இருந்துச்சு, 2019ல கொறைச்சாங்க). 9(5)ல குடுக்கலன்னா 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம்னு இருந்துச்சு. 2025 ஜூலை 1ல, தலைமை நீதிபதி தெங்கு மைமூன் ஓய்வு பெறுற தறுவாயில, ஆமிர் ஹரிரி கேஸுல கூட்டரசு நீதிமன்றம் செல்லாதுன்னு வெட்டுனது 9(5)ஐ. 9(1)ஐத் தொடல. அதாவது நோட்டீஸ் குடுக்கணும்ங்கிற வரி அப்படியே புக்குல இருக்கு, குடுக்கலங்கிறதுக்காகத் தண்டிக்கிற வரிதான் போச்சு. அமைதியா கூடுறது அரசியலமைப்பு 10வது விதி குடுத்த உரிமை, வெறும் நோட்டீஸ் விட்டுப்போனதுக்கு ஆளைக் குத்தவாளியாக்குறது ஓவரு, அதுதான் விஷயம். இது போலீஸ்கிட்ட சொல்லவே வேணாம்னு ஆகுமா? ஆகாது. நான் பெரியப்பாகிட்ட சொன்னது, நோட்டீஸ் குடுங்க, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) சாப் அடிச்சு வாங்கிட்டு வாங்கன்னு. வாங்கிட்டு வந்தாரு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அதையும் என்கிட்டயே லேமினேட் பண்ணாரு, மூணு வெள்ளி.

இந்த 9(5)க்கு ஒரு பழைய கதை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை ஏமாற மாட்டீங்க. 2014ல நிக் நஸ்மி கேஸுல மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே பிரிவைச் செல்லாதுன்னுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. 2015ல யுனேஸ்வரன் கேஸு வந்துச்சு, அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், வேற நீதிபதிங்க, செல்லும்னுட்டாங்க. ஒரே கோர்ட்டு, ஒரே பிரிவு, ஒன்றரை வருஷம் கூட முழுசா ஆகல, பதில் தலைகீழ். அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சுத்தான் மேல இருக்குறவங்க முடிச்சு வச்சாங்க. நடுவுல எவ்வளவோ பேரு 2014 தீர்ப்பையே புடிச்சுத் தொங்கிட்டு இருந்தாங்க, பாவம்.

இதே ரகத்துல இன்னொண்ணு, 2024 பிப்ரவரி 9ல நிக் எலின் கேஸு. கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்துல 16 பிரிவை கூட்டரசு நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, ஒம்பது நீதிபதியில எட்டுப் பேரு ஒரு பக்கம். வெளிய பேசுனது என்னவோ கோர்ட்டு மதத்துல கை வச்சிருச்சுங்கிற மாதிரி. கேஸுல கேட்ட கேள்வி, இந்த விஷயத்துல சட்டம் போட மாநில சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருக்கா, இல்ல அது நாடாளுமன்றத்து வேலையான்னுதான். எந்தத் தீர்ப்பையும் படிக்கிறப்ப "கோர்ட்டுக்கிட்ட கேட்ட கேள்வி என்ன"ன்னு ஒரு வரியில எழுதிப் பாருங்க. எழுத முடியலன்னா உங்களுக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம், எனக்கும் பல தடவை அப்படித்தான்.

முடிஞ்ச கேஸா இல்லையான்னும் பாக்கணும். நியூஸ்ல "லீவ் கிடைத்தது"ன்னு வரும். ஒரு மாமா கேட்டாரு, "லாயர் லீவுல போயிட்டாரா?"ன்னு, நான் சிரிக்கல, ஏன்னா நானும் ஆபீஸ்ல சேந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன். கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு சிவில் கேஸைக் கொண்டு போகணும்னா மொதல்ல அனுமதி வாங்கணும், அந்த அனுமதிக்குப் பேருதான் லீவ், மலாய்ல கெபெனாரான். லீவ் கிடைச்சா கேஸ ஜெயிச்சதா அர்த்தம் இல்ல, கதவு தொறந்துருக்கு, அவ்வளவுதான்.

அப்புறம், அது நம்ம கேஸான்னு பாக்குறது. 2017ல செமினி ஜெயா கேஸு, பெரிய கேஸு, லாயருங்க இன்னும் அதைப் பத்தி எழுதி முடிக்கல. நிலம் எடுக்குற சட்டத்துல 40டி பிரிவு, நஷ்டஈடு எவ்வளவுன்னு நீதிபதி கூட உக்கார்ற மதிப்பீட்டாளருங்க சொல்றதுதான் முடிவுங்கிற மாதிரி இருந்துச்சு. கோர்ட்டு அதிகாரம் நீதிபதிக்குத்தான், வேற ஆளு கையில குடுக்க முடியாதுன்னு கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கிருச்சு. இதைப் படிச்சுட்டு ஒரு அண்ணன் ஓடி வந்தாரு, "அப்ப எங்க லயத்தை எடுத்தா எங்களுக்கு நல்ல காசு வருமா?" அண்ணே, நிலம் யாரு பேருல இருக்கு? கம்பெனி பேருல. நஷ்டஈடு கிராந்துல (நிலப் பட்டாவுல) பேரு இருக்குறவனுக்குத்தான் மொதல்ல. மூணு தலைமுறையா அந்த லயத்துல இருந்தாலும் கிராந்துல நம்ம பேரு இல்ல. அவரு மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு, ஆனா பொய் சொல்லி அனுப்பி என்ன பண்ண.

தேதி விஷயம் சட்டத் திருத்தத்துல இன்னும் மோசம். வேலைவாய்ப்புச் சட்டம் 1955ஐ 2022ல திருத்துனாங்க, பிரசவ லீவு 98 நாளு, அப்பாவுக்கு 7 நாளு, வாரத்துக்கு 45 மணி நேரம். மார்ச்ல மக்களவையில பாஸ் ஆச்சு, மே மாசம் கெஜட்ல வந்துச்சு, செப்டம்பர் 1ல இருந்து அமல்னாங்க, அப்புறம் தள்ளிப் போட்டு 2023 ஜனவரி 1ல இருந்துதான் வந்துச்சு. அந்த செப்டம்பர்ல ஒரு தம்பி, புள்ள பொறந்த சந்தோஷத்துல, ஏழு நாளு லீவு போட்டுட்டு வந்து நின்னான், ஆபீஸ்ல சம்பளத்தைப் புடிச்சுட்டாங்க. பாஸ் ஆச்சு, கெஜட்ல வந்துச்சு, அமலுக்கு வந்துச்சு, இந்த மூணும் மூணு வேற வேற நாளு.

இப்ப கம்பெனி சட்டம். இதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன், ஏன்னா நம்ம ஆளுங்க அரசியலமைப்பைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசுவாங்க, ஆனா கம்பெனி சட்டம்னா தவுக்கேங்க (முதலாளிங்க) சமாச்சாரம்னு ஒதுங்கிருவாங்க. அது நம்ம சமாச்சாரம்தான். ஒரு அக்கா, ஒரே தோட்டம், ஒரே டிவிஷன், ஒரே மண்டோர், செம்பனை உதிரிப் பழம் பொறுக்குறவங்க. மூணு வருஷத்து சம்பளச் சீட்டைக் கொண்டாந்து என் கவுண்டர்ல பரப்புனாங்க. மேல உள்ள கம்பெனிப் பேரு மூணும் வேற. ஒண்ணுல 'பிளாண்டேஷன்', ஒண்ணுல 'அக்ரோ', ஒண்ணுல 'சர்வீசஸ்', கடைசியில எல்லாத்துலயும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் லிமிடெட்). அக்காவுக்கு அது கண்ணுலயே படல, அவங்க பாத்தது கீழ உள்ள தொகையை மட்டும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா ஒவ்வொரு கம்பெனியும் தனி ஆளு. 1896ல இங்கிலாந்துல சாலமன் கேஸுல சொன்னது, இன்னைக்கு நம்ம கம்பெனிகள் சட்டம் 2016 வரைக்கும் அதுதான் அடிப்படை. அப்ப மூணு கம்பெனின்னா மூணு முதலாளி, அக்காவோட பன்னெண்டு வருஷ சர்வீஸை மூணு துண்டா வெட்டிருவான். ஆனா 2020ல அஹ்மட் ஸஹ்ரி எதிர் எய்ம்ஸ் சைபர்ஜெயா கேஸுல கூட்டரசு நீதிமன்றம் கம்பெனிப் பேருங்கிற அந்தத் திரையை விலக்கிப் பாத்துச்சு. அந்த ஆளு ஒரே குரூப்புல இருந்த கம்பெனிங்ககிட்ட காண்ட்ராக்ட் மேல காண்ட்ராக்ட்டா வேலை பாத்தவரு. காகிதத்துல வேற வேற கம்பெனியா இருந்தாலும் நடைமுறையில எல்லாம் ஒண்ணுதான், காண்ட்ராக்ட்னு பேரு வச்சாலும் நெசத்துல அது நிரந்தர வேலைதான்னு அவருக்குத் தீர்ப்பு வந்துச்சு. லாயருங்க கட்டுரை எழுதுறப்ப 'கார்ப்பரேட் வெய்ல்' 'கார்ப்பரேட் வெய்ல்'னு எழுதுவாங்க, அது இந்தத் திரைதான். ஆனா இதை வச்சு எல்லாக் கேஸும் ஜெயிச்சிரும்னு நெனைக்காதீங்க, கோர்ட்டு அவ்வளவு சுலபமா திரையை விலக்காது, ஆதாரம் கேக்கும். அதனால சம்பளச் சீட்டை ஒண்ணு விடாம வைங்க, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஸ்டேட்மெண்ட்ல எந்தக் கம்பெனி காசு கட்டுதுன்னு பாருங்க, சந்தேகம்னா கம்பெனி ஆணையம் எஸ்எஸ்எம்ல கொஞ்சம் காசு கட்டுனா டைரக்டருங்க பேரு, விலாசம் எல்லாம் வர்ற காகிதம் கிடைக்கும். மூணு கம்பெனிக்கும் டைரக்டரும் விலாசமும் ஒண்ணா இருந்துச்சுன்னா அதை மடிச்சுப் பத்திரமா வைங்க.

தோட்டம் கை மாறுறப்ப இது இன்னும் முக்கியம். 1980ல போட்ட ஆட்குறைப்பு நஷ்டஈட்டு விதிமுறையில கணக்கு இருக்கு. ரெண்டு வருஷத்துக்குக் கீழ சர்வீஸ்னா வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் 15 நாள், அஞ்சுக்கு மேல 20 நாள். கணக்குப் போட்டுப் பாருங்க, நாளுக்கு 65 ரிங்கிட், 22 வருஷ சர்வீஸ்னா, 20 பெருக்கல் 65, அது 1,300, பெருக்கல் 22, மொத்தம் 28,600 ரிங்கிட். அதையே கடைசிக் கம்பெனியில ஒரே வருஷம்னு கணக்கு போட்டா 650. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வீட்டு முன்பணமே போயிருது. அதே விதிமுறையில புது முதலாளி ஏழு நாளைக்குள்ள அதே மாதிரி, இல்ல அதுக்கு மேல நல்ல நிபந்தனையில வேலை குடுத்து, நாம காரணமில்லாம மறுத்தா அந்தக் காசு கிடையாது. ஒத்துக்கிட்டுப் போனா பழைய சர்வீஸும் சேந்துதான் ஓடும். அதனால புதுக் கம்பெனிக்காரன் நீட்டுற சூராட்ல (கடிதத்துல) பழைய வருஷம் எழுதிருக்கான்னு பாக்காம கையெழுத்துப் போடாதீங்க, மலாய்ல இருக்குது படிக்கத் தெரியலன்னா என் கடைக்குக் கொண்டாங்க, படிச்சுச் சொல்றதுக்கு நான் காசு வாங்குறதில்ல.

சரி, அசல் தீர்ப்பை எப்படிப் படிக்கிறது. நீதித்துறை வெப்சைட்டுல இலவசமாவே கிடைக்கும், சட்டப் புத்தகம் வேணும்னா சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்து வெப்சைட்டுல இருக்கு. கட்டுரையில '[2018] 1 எம்எல்ஜே 545'ன்னு ஒரு வரி வரும், பாத்துப் பயப்படாதீங்க, மலாயன் லா ஜர்னல், 2018ஆம் வருஷம், ஒண்ணாவது தொகுதி, 545ஆம் பக்கம், இந்திரா காந்தி கேஸு அங்க இருக்கு. தீர்ப்பை மொதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிக்காதீங்க, தூங்கிருவீங்க. பத்திக்குப் பத்தி நம்பர் போட்டுருப்பாங்க. கடைசிக்குப் போயி என்ன உத்தரவுன்னு பாருங்க, அப்புறம் முன்னாடி வந்து கேள்வி என்னன்னு பாருங்க, அப்புறம் நடுவுல. பேருல ஒரு தந்திரம் இருக்கு, மலாய்ல பெராயூன்னா மேல்முறையீடு செஞ்சவங்க, அதாவது கீழ தோத்தவங்க. கீழ் கோர்ட்டுல ரெண்டாவதா இருந்த பேரு மேல மொதல்ல வந்து நிக்கலாம், ஆளு மாறிட்டாங்கன்னு நெனைச்சுராதீங்க. ஒத்துக்காத நீதிபதி தனியா எழுதுன தீர்ப்பும் கூடவே இருக்கும், நல்லாத்தான் எழுதியிருப்பாரு, ஆனா அது சட்டம் இல்ல. அதை மட்டும் வெட்டி அனுப்புற ஆளுங்க இருக்காங்க, உஷார்.

லாயருங்க எழுதுற கட்டுரையில எழுதுனவரு யாருன்னு கீழ பாப்பேன். சில பேரு அதே கேஸுல ஆஜரானவங்களே எழுதுவாங்க, தப்பில்ல, ஆனா தோத்த பக்கத்து லாயர் தீர்ப்பைப் பாராட்டி எழுதி நான் அதிகம் பாத்ததில்ல. பெரிய லாயர் கம்பெனிங்க போடுற வேலைச் சட்டக் கட்டுரை பெரும்பாலும் முதலாளிங்க படிக்கிறதுக்கு எழுதுறது. அதைப் படிக்கிறதுல ஒரு லாபம் இருக்கு, நம்ம மேனேஜர் நாளைக்கு என்ன சொல்லப் போறாருன்னு இன்னைக்கே தெரிஞ்சிரும்.

படிச்சு முடிச்சு, இது நமக்கு ஒத்து வரும்னு தோணுச்சுன்னா உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க. வேலையை விட்டு நிப்பாட்டுனா 60 நாளைக்குள்ள தொழிலியல் உறவு இலாகாவுல மனு குடுக்கணும். ஞாயித்துக்கிழமை, தீபாவளி எல்லாம் அந்த 60ல சேத்திதான். "மேனேஜர் பேசி முடிக்கலாம்னாரு"ன்னு காத்திருந்து 71வது நாள் வந்த ஆளை நான் பாத்திருக்கேன், தீர்ப்பெல்லாம் அவருக்குச் சாதகமாத்தான் இருந்துச்சு, தேதிதான் இல்ல. சம்பளப் பாக்கி, ஓட்டீ (ஓவர்டைம்) காசுன்னா தொழிலாளர் இலாகா, லாயர் இல்லாமலே போகலாம். போலீஸ் புடிச்சிருச்சுன்னா தேசிய சட்ட உதவி அறவாரியம், குடும்பம், சிவில் கேஸுன்னா அரசாங்க சட்ட உதவி இலாகா, இல்லன்னா பார் கவுன்சிலோட சட்ட உதவி மையம், ரெண்டுலயும் வருமானம் பாத்துத்தான் எடுப்பாங்க.

போறப்ப கொண்டு போக வேண்டியது, ஈசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு அத்தனையும், இபிஎஃப் ஸ்டேட்மெண்ட், கம்பெனி குடுத்த சூராட், அதுல தேதி தெரியிற மாதிரி. ஒவ்வொண்ணும் ரெண்டு காப்பி. காப்பியைக் குடுங்க, அசலைக் கவுண்டர்ல காட்டிட்டு அப்படியே பையில போட்டு எடுத்துட்டு வந்துருங்க.